விடுமுறையில் அலைச்சறுக்குப் பாடம்: நீச்சல் தெரியாதவர் போகலாமா?

வைகைக்கரையான் (மதுரை):

வணக்கம். பள்ளி திறப்பதற்கு முன், மே மாத இறுதியில், குடும்பத்தோடு சில நாட்கள் மாமல்லபுரத்தில் தங்கலாம் என்றிருக்கிறோம். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அங்கே நடந்ததையும் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதையும் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து என் மகள் அந்த விளையாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக் குளத்தில் நன்றாக நீந்துகிறாள். அவளோடு சேர்ந்து நானும் ஒரு தொடக்கப் பாடம் எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். எனக்கு வயது நாற்பத்தாறு, எடை எண்பத்தைந்து கிலோ, நீச்சல் அறவே தெரியாது.

"நீச்சல் தேவையில்லை, எவரும் கற்கலாம்" என்றே பல விளம்பரங்கள் சொல்கின்றன. அதை நம்பலாமா? ஒன்றரை மணி நேரப் பாடத்தில் உண்மையிலேயே பலகைமேல் நிற்க முடியுமா, இல்லை, புகைப்படத்துக்காகப் பணம் கட்டியதாகத்தான் முடியுமா? மாமல்லபுரத்திலேயே கற்பதா, கோவளத்துக்குப் போவதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்களுக்கு இராமேசுவரம்தான் பக்கம். அங்கே கடல் இவ்வளவு அமைதியாக இருக்கும்போது தொடக்கநிலையினருக்கு அதுவே பொருத்தமாக இராதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈசிஆர்வாசி (சென்னை):

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஐயா. இராமேசுவரத்தை ஒட்டிய பாக் நீரிணை அமைதியாக இருப்பதற்குக் காரணமே, தெற்கிலிருந்து வரும் பேரலைகளை இலங்கைத் தீவு மறித்து நிற்பதுதான். அங்கே காற்று உண்டு. ஆகவே பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீர்மேல் ஓடும் விளையாட்டை அங்கே கற்றுத் தருகிறார்கள். பலகையைத் தள்ளிச் செல்லும் அலை அங்கே இல்லை. அலைச்சறுக்குக்குச் சீரான அலை வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை சென்னைக்குத் தெற்கேயுள்ள கரைக்கு வரும் நல்ல அலைகள், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்றுகளால் எழுந்து பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வருபவை. பதினான்கு நொடி இடைவெளியுள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்பதால், அங்கே புயல் எழுந்து ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் அதன் அலை இங்கே வந்து உடைகிறது. வழியில் சின்னஞ்சிறு அலைகள் எல்லாம் அடங்கிப்போய், இடைவெளி ஒழுங்குபட்ட அலைகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஆகவே மே மாத இறுதி என்று நீங்கள் தேர்ந்தது தவறான பருவமன்று. அக்டோபர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை முடியும்வரை கடல் கலங்கிக் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் புதியவரை நான் அழைத்து வரமாட்டேன்.

நாளைவிட நேரம் முக்கியம். மே மாதத்தில் காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அது அலையின் முகத்தை நிமிர்த்தி வழவழப்பாக வைக்கும். நண்பகல் வாக்கில் கடற்காற்று திரும்பியதும் நீர்ப்பரப்பு முழுவதும் கலைந்துவிடும். வெயிலும் அப்போது தாங்காது. ஆகவே காலை ஆறு மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒன்பது மணிக்குமேல் தரும் வகுப்பை, கட்டணம் குறைவு என்பதற்காக ஏற்க வேண்டாம்.

கோவளமா மாமல்லபுரமா என்பதில் எனக்குத் தயக்கமில்லை: முதல் பாடத்துக்குக் கோவளம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். 2012இல் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தொடங்கிய பள்ளியும் அதைச் சூழ்ந்து வளர்ந்த பிற பள்ளிகளும் அங்கே உள்ளன. பயிற்றுநர்களில் பெரும்பாலோர் அந்தக் குப்பத்துப் பிள்ளைகள், அக்கடலின் ஒவ்வொரு மணல்திட்டும் அவர்களுக்குத் தெரியும். முன்பதிவு செய்யும்போது செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேரளத்துக் கோவளத்திலும் அலைச்சறுக்குப் பள்ளிகள் இருக்கின்றன, ஜூன் தொடங்கியதும் அந்தக் கரை புதியவர்களுக்கு ஏற்றதாக இராது.

நிற்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் எந்த அலையில் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் பாடம் முழுவதும் ஏற்கெனவே உடைந்து நுரையாகக் கரைநோக்கி உருண்டு வரும் அலையில்தான் நடக்கும். இன்னும் உடையாமல் நிமிர்ந்து நிற்கும் பச்சை அலையின் முகத்தில் சறுக்குவது வேறு கதை. அது வாரக்கணக்கில் பழகினால் வருவது. நுரையலையில் பயிற்றுநர் சரியான நொடியில் பலகையைத் தள்ளிவிட, நீங்கள் எழுந்து சில நொடிகள் கரையை நோக்கிச் செல்வது பெரும்பாலோருக்கு முதல் நாளே வாய்க்கிறது.

நீச்சலைப் பொறுத்தவரை, பாடம் இடுப்பளவு நீரில்தான் நடக்கிறது. பலகை காலோடு கட்டப்பட்டிருக்கிறது. பயிற்றுநர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறார். எனவே நீச்சல் தெரியாமையை நான் பெரிய தடையாகக் கருதவில்லை.

கட்டுமரம் (கடலூர்):

முந்தைய பதிவில் அலையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. கடைசிப் பத்தியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நான் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகியதும் மரத்துண்டைப் போட்டு அலையேறி விளையாடத் தொடங்கிவிடுவார்கள். அப்படி வளர்ந்தவனாகச் சொல்கிறேன்: "இடுப்பளவு நீர்" என்பது கடலில் ஓர் அளவே அன்று. ஒரு மீட்டர் உயர அலை வந்தால் அது உங்கள் மார்பைத் தாண்டும். அது பின்வாங்கும்போது முழங்கால்வரை இறங்கும். மேலும், கரைக்கு இணையாக மணல்திட்டும் பள்ளமும் மாறி மாறி இருக்கும். திட்டின்மேல் நின்று பழகிக்கொண்டிருப்பவர் இரண்டடி பின்னால் வைத்தால் பள்ளத்தில் கால் எட்டாது. நேற்று இருந்த பள்ளம் இன்று அங்கே இராது என்பதால் பயிற்றுநரும் காலையில் இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, கரைக்கு வந்த நீர் ஓரிடத்தில் குவிந்து கடலுக்குள் திரும்பிப் பாயும் இழுப்பு. அலைகள் உடைந்துகொண்டிருக்கும் நெடுங்கரையில் ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல், கலங்கிய நிறத்தில், அமைதியாகத் தெரியும். பழக்கமில்லாதவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று எண்ணி அங்கே இறங்குகிறார்கள். கரையரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்சுவர்களின் ஓரத்தில் இந்த இழுப்பு எப்போதுமே வலுவாக இருக்கும். நம் கிழக்குக் கரையில் அத்தகைய சுவர்களுக்குக் குறைவில்லை. வலுத்த நேரத்தில் அதன் வேகம் நொடிக்கு இரண்டு மீட்டரையும் தாண்டும். தேர்ந்த நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்த இயலாது. எதிர்க்காமல் பக்கவாட்டில் விலக வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் நீரைக் கண்டாலே மூச்சு முட்டுபவர் அந்தப் பாடத்தை அந்த நேரத்தில் நினைவுகூர்வாரா?

ஈசிஆர்வாசி சொன்ன அதே தென்கடல் அலைக்கு இன்னொரு முகமும் உண்டு. உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும், வானம் தெளிந்திருக்கும்போதும், தொலைவிலிருந்து வந்த பேரலை திடீரென்று கரையேறும். கேரளத்து மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அத்தகைய நாளில்தான். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் எச்சரிக்கையும் விடுத்திருந்தது. அவர்கள் அலைச்சறுக்கவில்லை, கரையோரத்தில் நின்றவர்கள். ஆகவே மே மாதத்தில் கடலுக்குச் செல்பவர் அம்மையத்தின் அறிவிப்பை முதல் நாள் இரவும் அன்று காலையும் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

மதுரை நண்பருக்கு என் பதில் எளிது. மகள் கற்கட்டும். நீங்கள் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்.

ஈசிஆர்வாசி:

கட்டுமரம் அண்ணன் சொல்வதில் உள்ள எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆயினும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தன்போக்கில் பலகையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இறங்குபவர் வேறு. பயிற்றுநர் தேர்ந்த இடத்தில், அவர் கண்பார்வையில் நிற்பவர் வேறு. தொடக்கநிலையினருக்குத் தரும் எட்டு ஒன்பது அடிப் பலகை, மேலே மென்மையான நுரைப்பொருள் ஒட்டியது, ஓர் ஆளை எளிதாக மிதக்க வைக்கும். அது கணுக்காலோடு கட்டப்பட்டும் இருக்கிறது. இழுப்பில் சிக்கினாலும் பலகையை விடாமல் அதன்மேல் படுத்துக் கையை உயர்த்தினால் போதும். இவ்வளவு பெரிய மிதவை இல்லாமல் மெரினாவில் அலையில் நிற்பவர்களைவிட இவர் பாதுகாப்பானவர் அல்லவா?

கட்டுமரம்:

தம்பி, மெரினாவில் நிற்பவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று நான் எப்போது சொன்னேன்? பலகை மிதவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் காலோடு கட்டியிருப்பது ஓர் ஒட்டுப்பட்டை. உப்பும் மணலும் ஏறிப் பழசானால் அது அலையில் பிய்ந்து வரும். கயிறும் அறுந்ததுண்டு. பலகையே துணை என்று எண்ணி இறங்கியவரிடமிருந்து பலகை போய்விட்டால் அவரிடம் மிஞ்சுவது என்ன?

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அழகாகக் கைவீசி நீந்தத் தெரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கால் எட்டாத குளத்தில், பிடிமானமின்றி, மல்லாந்து இரண்டு நிமிடம் அமைதியாக மிதக்க முடிகிறதா? தலை நீருக்குள் போய் மூக்கில் நீர் ஏறினாலும் பதறாமல் மேலே வர முடிகிறதா? பிறகு, எந்த வகையிலாவது 50 மீட்டர் கடக்க முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நானே உங்களை அழைத்துப் போகிறேன். அலைச்சறுக்கில் முதல் ஒரு மணி நேரம் முழுவதும் விழுவதுதான் வேலை. விழுந்தபின் நுரை உங்களைப் புரட்டும் சில நொடிகளில், மேல் எது கீழ் எது என்று தெரியாது. அந்த நொடிகளில் பதறாதிருப்பதே பாடத்தின் முதல் தகுதி.

பொத்துவிலான் (அம்பாறை மாவட்டம், இலங்கை):

எங்கள் பக்கத்து நிலையையும் எழுதினால் பயன்படும் என நினைக்கிறேன். அறுகம்பையில் எங்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை பருவகாலம். வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் ஒரு வாரமாவது தங்குவார்கள். முதல் நாள் பாடத்தில் சேருபவர்களில் நீச்சல் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். நான் அறிந்த நல்ல பயிற்றுநர்கள் அவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் பலகையைக் கையில் கொடுப்பதற்கு முன் வயிற்றளவு நீரில் மூழ்கி எழச் சொல்லுவார்கள். அதிலேயே ஆளின் நிலை விளங்கிவிடும். பயம் கூடியவர் என்றால் அன்று முழுவதும் நுரையில் வயிற்றின்மேல் படுத்தபடியே கரைக்கு வரும் பயிற்சியோடு முடித்துவிடுவார்கள். கட்டுமரம் ஐயாவுக்கும் ஈசிஆர்வாசிக்கும் இடையில் இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

நான் சேர்க்க விரும்புவது அடித்தளம் பற்றிய விடயம். அறுகம்பை என்றதும் எல்லோரும் படத்தில் பார்த்த நீண்ட வலப்புற அலையை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பிரதான முனையில் அலை உடைவது பாறையின் மேல். கடல் முள்ளெலியும் அங்கே உண்டு. புதியவர் அங்கே இறங்கக் கூடாது. அவர்களுக்கென்று விரிகுடாவின் உட்பக்கத்தில் சிறிய அலை இருக்கிறது. அல்லது ஓட்டோவில் பலகையைக் கட்டிக்கொண்டு வடக்கே விஸ்கி பொயின்ருக்கும் தெற்கே பீநட் பார்முக்கும் போவார்கள். டிசம்பர் விடுமுறையில் வருகிறவர்கள் எங்கள் பக்கம் வந்து ஏமாற வேண்டாம். அப்போது தென்கரையில் வெலிகம விரிகுடாதான் பொருத்தம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மணல் அடித்தளத்தில் சிறிய அலை ஒழுங்காக வரும். எந்த ஊரானாலும் "அடியில் மணலா, பாறையா" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

கயல் (கோயம்புத்தூர்):

மகளோடு போகிறீர்கள் என்பதால் ஒரு பெண்ணாகச் சிலவற்றை எழுதுகிறேன், ஐயா. உடை விடயத்தில் முன்கூட்டியே ஆயத்தமாகப் போங்கள். பருத்திச் சட்டை நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். பலகையோடு உரசி வயிற்றிலும் அக்குளிலும் தோலைக் கிழித்துவிடும். துப்பட்டா, நாடா, தொங்கும் கயிறு எதுவும் கடலில் ஆகாது. உடம்போடு ஒட்டிய முழுக்கை லைக்ரா மேற்சட்டையும் கணுக்கால்வரை வரும் காற்சட்டையும் இருந்தால் உரசலும் வெயிலும் இரண்டும் பிரச்சினையாகாது. பல பள்ளிகள் மேற்சட்டையைத் தருகின்றன. அளவு பொருந்துவதில்லை, எத்தனை பேர் அணிந்தது என்றும் தெரியாது. நாங்கள் எங்களுடையதையே எடுத்துச் சென்றோம்.

சனி, ஞாயிறு வேண்டாம். வார இறுதியில் கரையில் கூடும் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் அனுமதியின்றிப் படமெடுப்பவர்களும் அதிகம். பதின்மூன்று வயதுப் பெண் நூறு முறை விழுந்து எழ வேண்டிய இடத்தில் அந்தப் பார்வைகள் அவளைக் கூச வைக்கும். கூச்சத்தில் அவள் விழாமலிருக்கப் பார்ப்பாள். விழாமல் எதுவும் வராது. செவ்வாய், புதன் காலைகளில் கரையே வேறாக இருக்கும். பெண் பயிற்றுநர் உண்டா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். பலகையைத் தள்ளிவிடுவதும், விழுந்தவரைத் தூக்கிவிடுவதும், நிற்கும் முறையைத் திருத்துவதும் தொட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை மகளிடமும் முன்பே சொல்லி, பிடிக்காவிட்டால் உடனே சொல்லலாம் என்று தெரியப்படுத்துங்கள். நல்ல பயிற்றுநர்கள் அதைக் கேட்டு மதிக்கிறார்கள்.

ஒரு துணைக்குறிப்பு: காணொளி எடுத்துத் தருவதாகச் சொல்லித் தனிக்கட்டணம் கேட்பார்கள். முதல் நாள் வேண்டாம் என்பதே என் கருத்து. படக்கருவி பார்க்கிறது என்றதும் எல்லோரும் அவசரப்பட்டு எழுந்து நிற்கிறார்கள்.

முதுகெலும்பன்:

நான் இயன்முறை மருத்துவத் துறையில் இருக்கிறேன். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் விடுமுறையில் இதை முயன்றுவிட்டு அடுத்த வாரம் வலியோடு வருவதைப் பார்க்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

அலைச்சறுக்கு கால்களின் விளையாட்டு என்று எண்ணுகிறார்கள். முதல் பாடத்தில் உழைப்பது தோளும் கழுத்தும் கீழ்முதுகுமே. குப்புறப் படுத்து, மார்பை உயர்த்தி, தலையைத் தூக்கியபடி கைகளால் நீரைத் தள்ள வேண்டும். நாளெல்லாம் கணினிமுன் குனிந்திருக்கும் உடம்புக்கு இந்த வளைவு முற்றிலும் புதியது. ஊருக்குப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே புஜங்காசனத்தையும் தண்டாலையும் அளவாகப் பழகினால் பாதி வேலை முடிந்தது. படுத்த நிலையிலிருந்து எழுவதையும் வீட்டுத் தரையில் பாய் விரித்துப் பழகலாம்: உள்ளங்கைகளை விலாவுக்கருகே ஊன்றி, உடம்பை உயர்த்தி, பின்காலை முதலில் வைத்து, முன்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவந்து, முழங்கால் மடங்கிய நிலையிலேயே நிற்க வேண்டும். இளைஞர்கள் ஒரே துள்ளலில் இதைச் செய்வார்கள். உங்கள் வயதில் படிப்படியாகச் செய்வதில் குறைவொன்றுமில்லை. ஆனால் முழங்காலில் மண்டியிட்டு அங்கிருந்து எழும் வழியைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். மண்டியிட்டதும் எடை பின்னே போய்ப் பலகை நின்றுவிடும்.

அரிதானதாயினும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. முதன்முறை அலைச்சறுக்குபவர்களில் சிலருக்கு, அடிபடாமலேயே, முதுகை நெடுநேரம் பின்வளைத்துப் படுத்திருந்ததால் தண்டுவடத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால்கள் செயலிழப்பதை ஹவாய் மருத்துவர்கள் 2004இல் ஒன்பது நோயாளிகளின் விவரங்களோடு எழுதினார்கள். திடீர் முதுகுவலியோடு தொடங்கும். சிறிது நேரத்தில் கால்களில் மரத்துப்போதலும் தளர்ச்சியும் வரும். எல்லோருக்கும் வரும் தசைவலிக்கும் இதற்கும் வேறுபாடு அந்த மரத்துப்போதல்தான். அது தோன்றினால் "இன்னும் ஓர் அலை" என்று நிற்காமல் நீரைவிட்டு வெளியேறி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பலகையில் தொடர்ந்து படுத்திருக்காமல் அவ்வப்போது எழுந்து உட்கார்ந்து முதுகைத் தளர்த்துவது நல்லது.

விழும்போது தலைகீழாகப் பாயவே கூடாது. ஆழமற்ற மணலில் கழுத்து முறிவது அப்படித்தான். பக்கவாட்டிலோ பின்புறமாகவோ தட்டையாக விழுந்து, நீருக்கு மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். காலில் கட்டிய பலகை எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியாது. இவ்விளையாட்டில் பெரும்பாலான காயங்கள் அவரவர் பலகையாலேயே ஏற்படுகின்றன.

வைகைக்கரையான்:

இத்தனை விரிவான பதில்களுக்கு நன்றி. கட்டுமரம் ஐயாவின் மூன்று சோதனைகளையும் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "முதலாவதிலேயே நீங்கள் தேறமாட்டீர்கள்" என்று சொல்லிவிட்டாள். புறப்படுவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் இங்குள்ள குளமொன்றில் பெரியவர்களுக்கான வகுப்பில் பெயர் கொடுத்திருக்கிறேன். மே மாதத்துக்குள் மிதக்க வந்தால் நுரையலையில் படுத்து வருவதோடு நிறுத்திக்கொள்வேன். வராவிட்டால் கரையில் இருப்பேன். மகளுக்குக் கோவளத்தில் அடுத்தடுத்து மூன்று காலைகளுக்குப் பதிவு செய்ய எண்ணம்.

பள்ளியைத் தேர்வது எப்படி என்று மட்டும் சொல்லுங்கள். தொலைபேசியில் எல்லோரும் இனிமையாகவே பேசுகிறார்கள்.

ஈசிஆர்வாசி:

மூன்று காலைகள் என்பது நல்ல முடிவு. முதல் நாள் உடம்பு தடுமாறுவதிலேயே கழியும். இரண்டாம் நாள் காலையில் தோள் வலியோடு எழுந்தாலும், முந்தைய நாள் வராத ஒன்று தானாக வருவதைப் பார்ப்பீர்கள். மூன்றாம் நாள் அவளே அலையைத் தேர்ந்து, தள்ளிவிட ஆளின்றிக் கைகளால் தள்ளிப் பிடிக்க முயலலாம். ஒரே நாளில் இரண்டு வகுப்பு வைத்துக்கொள்ள வேண்டாம். களைத்த பிள்ளை கவனமின்றி விழும்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை: பயிற்றுநரிடம் சர்வதேச அலைச்சறுக்குச் சங்கத்தின் சான்றிதழும், நீரில் உயிர்காக்கும் பயிற்சிச் சான்றும் இருக்கின்றனவா, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், அலை பெரிதாக இருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறு நாளுக்கு மாற்றுவார்களா. மூன்றாவது கேள்வியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். பணம் திரும்பாது என்னும் பள்ளி, வகுப்பை நிறுத்த வேண்டிய நாளிலும் நடத்தவே பார்க்கும். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, இருவருக்கு ஒருவர் என்றால் நலம். விடுமுறைக் கூட்டத்தில் ஐந்தாறு பேரை ஒருவரிடம் ஒப்படைப்பதைப் பார்த்திருக்கிறேன், அங்கே பிள்ளைக்குக் கிடைப்பது காத்திருப்பு மட்டுமே.

நேரில் போனதும் பலகையைப் பாருங்கள். மகளின் எடைக்கு ஏழு முதல் எட்டடி நுரைப்பலகை சரியாக இருக்கும். உங்களுக்கு ஒன்பதடிக்குக் குறைந்தது வேண்டாம். கையிருப்பு இல்லை என்று கடினமான ஃபைபர் பலகையைத் தந்தால் மறுத்துவிடுங்கள். காற்கயிற்றின் ஒட்டுப்பட்டையை இழுத்துப் பாருங்கள். பிறகு, மணலில் எவ்வளவு நேரம் கற்பிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பலகையில் எங்கே படுப்பது, எப்படி எழுவது, எந்தக் கால் முன்னே, எப்படி விழுவது, என்ன சைகைக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் கரையில் இருபது நிமிடமாவது சொல்லித் தராமல் நேரே நீருக்கு அழைத்துப் போகிறவர், பாடம் நடத்தவில்லை, சவாரி விற்கிறார்.

மகளிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். எழுந்து நின்றதும் எல்லோரும் தம் கால்களைக் குனிந்து பார்க்கிறார்கள். பார்த்த நொடியே கவிழ்கிறார்கள். கரையில் அசையாத ஏதாவது ஒன்றை, ஒரு படகையோ கம்பத்தையோ, பார்த்தபடியே எழ வேண்டும்.

பொத்துவிலான்:

பலகையைத் தனக்கும் வருகிற அலைக்கும் நடுவில் குறுக்கே பிடித்தபடி நிற்கக் கூடாது என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். அலை அதைத் தூக்கி முகத்திலேயே அடிக்கும். பலகை எப்போதும் பக்கத்தில், அதன் மூக்கு கடலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் புதியவர்களுக்குப் பல் உடைவது இதனால்தான்.

கட்டுமரம்:

குளத்தில் சேர்ந்தது கேட்டு மகிழ்ச்சி. இன்னும் சில செய்திகள் மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

விடியற்காலையில் கோவளத்தில் படகுகள் கரையேறும். வலையும் கயிறும் நீரில் இருக்கும். படகோட்டிக்கு அலைக்கு நடுவே தலையை மட்டும் காட்டும் ஆள் தெரிவதில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு, நமக்கு விளையாட்டு; ஆகவே விலக வேண்டியது நாம்தான். கோடையில் சொறி என்று நாங்கள் சொல்லும் இழுதுமீன் சில நாட்களில் கூட்டமாக வரும். பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலால் தேய்க்காதீர்கள்; கடல்நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விடுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனை.

நீங்கள் கரையில் இருக்கும்போது எங்கே நிற்பது என்பதுதான் மிக முக்கியம். பாடம் நடக்கும் இடத்துக்கு நேரே நில்லுங்கள். கரையோர நீரோட்டம் அந்தப் பருவத்தில் வடக்கு நோக்கி இழுப்பதால் மாணவர்கள் தம்மை அறியாமல் நகர்ந்துகொண்டே போவார்கள். நீங்கள் நகராமல் நின்றால், அவர்கள் நகர்ந்தது உங்களுக்கு உடனே தெரியும், பயிற்றுநரைக் கூவி அழைக்கலாம். மகள் திணறுவதாகத் தோன்றினாலும் நீங்கள் நீருக்குள் இறங்காதீர்கள். இதைக் கேட்க ஒரு தகப்பனுக்குக் கடினமாக இருக்கும் என்று அறிவேன். நம் கரைகளில் மூழ்குபவரை மீட்கப் பாய்ந்த உறவினரும் சேர்ந்து போன செய்தி ஆண்டுதோறும் வருகிறது. கோவளத்தில், தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்ற பகுதியில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அமரும் இடத்தையும், அருகில் எறிவதற்குரிய மிதவை எங்கே தொங்குகிறது என்பதையும் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூவுவது, மிதவையை எறிவது, ஆளை அழைப்பது, இந்த மூன்றோடு உங்கள் வேலை நின்றுவிட வேண்டும்.

வைகைக்கரையான்:

அப்படியே செய்கிறேன், ஐயா. செவ்வாய், புதன், வியாழன் காலை ஆறு மணிக்கு மகளுக்குப் பதிவு செய்துவிட்டேன். பெண் பயிற்றுநர் ஒருவர் இருப்பதாகவும், இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் வகுப்பு நடக்கும் என்றும், கடல் ஏற்றதாக இல்லாவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்றும் எழுத்தில் தந்திருக்கிறார்கள். என் பெயரை இன்னும் கொடுக்கவில்லை.